நாற்பது நாள் சுத்தம்

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது பயிற்சிக் குறிப்பேடு. நெருப்பும் சக்கரமும் அதற்கு அடுத்தபடிதான். அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் அன்றன்று கற்றதை எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கவில்லை. அதனால்தான் அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு நாற்பது நாள் பயிற்சிக்கு வந்த வேதியியல் மாணவிக்கு இந்த மகிமை தெரியாது, பாவம். முதல் நாளே அசட்டுத்தனமாக உண்மையை எழுதிவிட்டாள்: ‘கலங்கலை அளக்கும் கருவி வேலை செய்யவில்லை. சோதிக்காமலே பதிவேட்டில் அளவு எழுதுகிறார்கள்.’

கூடத்தின் அதிகாரி அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னம்மா இது? கத்துக்கிட்டதை எழுதச் சொன்னா, பாத்ததை எழுதி வச்சிருக்கே?”

“பாத்துதானே சார் கத்துக்கணும்?”

“கருவி ‘ஓய்வில் உள்ளது’ன்னு எழுது. உனக்குக் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. அம்மா தையல் மெஷினில் முதுகொடியத் தைத்துப் படிக்கவைத்த மூன்று வருஷமும் வீண். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள்.

கூடத்தின் ‘அறிவியல் முறை’ சீக்கிரமே பிடிபட்டது. உதவியாளர் முதல் தேதியன்றே மாதம் முழுவதற்கும் அளவுகளை எழுதி முடித்துவிடுவார். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் சந்தேகம் வருமல்லவா? அதற்காகச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிவிடுவார், பேனாவால்.

மாணவி கெட்டிக்காரி. மூன்றாம் நாளே நாற்பது நாள் பாடத்தையும் எழுதி நீட்டினாள். ‘முப்பத்தேழாம் நாள்: எதிர்பாராத பழுதைச் சமாளிக்கக் கற்றேன்.’

அதிகாரி நெகிழ்ந்துபோனார். “இதாம்மா பயிற்சி! போன வருஷம் வந்த பொண்ணு கடைசி நாள் வரைக்கும் பாட்டிலும் கையுமா குழாய் குழாயா அலைஞ்சா.”

நாற்பது கையெழுத்தும் ஒரே மூச்சில் விழுந்தன. அடுத்த மாதப் பதிவேட்டையும் அவளிடமே ஒப்படைத்தார். அவள் எழுத்து முத்துமுத்தாக இருந்தது. தண்ணீர் அதைவிடச் சுத்தமாக இருந்தது, செவ்வாய்க்கிழமை நீங்கலாக.

நாற்பதாம் நாள் மாலை சான்றிதழோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மெஷினை விட்டு எழுந்துவந்து மகளின் கன்னத்தைத் தடவினாள். பிறகு தாகத்துக்குக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வாயருகே கொண்டுபோனாள். அன்றைய தண்ணீர் ‘மிகத் தூய்மை’ என்று மகள் எழுதி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“அம்மா, அதைக் குடிக்காதே!”

“ஏன்டி? நீ சோதிச்ச தண்ணிதானே?”

“அதனாலதாம்மா.”