முடுக்கில் நடந்த முடுக்க வகுப்பு

என் காதைத் திருகும் உரிமையைப் பிறப்பிலேயே பெற்றுவிட்ட அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். உன் மகளும் நலம். கடிதத்தின் கடைசி வரி வரைக்கும் இதை மறந்துவிடாதே. அத்தானின் முழங்கால் இப்போது மடங்குகிறது என்று நம்புகிறேன்.

அக்கா, நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீ நம்பமாட்டாய். அத்தான் நம்பவே மாட்டார்; நான் மணி சொன்னால்கூட எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறவர் அவர். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று என் மூக்குக்கண்ணாடிமேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். போனில் நீ என்ன சொன்னாய்? "வியாழக்கிழமை முதல் பரீட்சை மார்க் தபால்ல வருதாம். அதப் பாத்துட்டுதான் கோடை வகுப்போட ரெண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவேன். மார்க் சரியில்லன்னா வெள்ளிக்கிழமையே பிள்ளைய பஸ் ஏத்தி அனுப்பிடு" என்றாய். அந்தத் தபாலுக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் அடித்துப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது வயதால் இல்லை, அதிர்ச்சியால்.

முதல் அதிர்ச்சி அந்த அழைப்புத் தாள். "மீத்திறன் மாணவர்களுக்கான கோடைகால முடுக்க வகுப்பு. ஒரு வருடக் கணிதமும் இயற்பியலும் ஆறே வாரத்தில்" என்று போட்டிருந்தது. மீத்திறனாம்! ஊரெல்லாம் அள்ளிக்கொண்டது போகச் சட்டியில் மீந்த திறனா என் மருமகளுக்கு? கொதித்துப்போனேன். "மாமா, மீத்திறன்னா அதிகமான திறமை" என்று அவள் சொன்ன பிறகுதான் ஆறினேன். அதற்குள் கண்ணில் பட்டது அடுத்த சொல், 'முடுக்க'. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கண்கள் அக்கா இவை. பறக்கிற கொசுவுக்குக் கொம்பு விட்டுப்போயிருந்தாலும் பிடித்து வட்டம் போடும். "கடைசி எழுத்துல உகரம் விழுந்துபோச்சு. முடுக்கு வகுப்புன்னு இருக்கணும். ஏதோ சந்துக்குள்ள நடத்துறாங்க" என்று தீர்ப்புச் சொல்லி, சிவப்பு மையால் சுழித்தும் விட்டேன்.

முதல் நாள் காலை. தபால் நிலையத்துக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம், வாசல் நிறையப் பிள்ளைகள். "இதான் மாமா" என்றாள். "பேசாம வா. மாமாவுக்குத் தெரியாத எழுத்தா?" என்று அவளுடைய அனுமதிச் சீட்டை என் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பக்கத்து முடுக்குக்குள் நுழைந்தேன். அது எவ்வளவு ஒடுக்கம் என்றால், எதிரே வருகிறவர் மூச்சை உள்ளே இழுத்தால்தான் நாம் மூச்சை வெளியே விட முடியும். முடிவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்று. "வகுப்பு இங்கதானே?" என்றேன். செப்புக் கம்பியைப் பல்லில் கடித்திருந்த கடைக்காரர், "உக்காருங்க, ஆரம்பிச்சிடலாம்" என்றார். உட்கார்ந்தோம். அவர் கம்பி சுற்றினார், உன் மகள் வாயைத் திறந்தாள்.

"ஏன் அண்ணா சரியா இருநூத்தி நாப்பது சுத்து?"

"எங்க மாஸ்டர் அப்படித்தான் சுத்துனாரு."

"அவருக்கு யாரு சொன்னாங்க?"

"அவரோட மாஸ்டர்."

"இருநூத்தி முப்பத்தொம்பது சுத்துனா?"

கம்பி வாயிலிருந்து விழுந்தது. "இருவது வருஷமா யாரும் இதக் கேக்கலயேம்மா!" என்று அலறி, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அந்த மனிதர் எங்கள் பின்னாலேயே மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஓடி வந்து, மீத்திறன் மாணவராகச் சேர்ந்துவிட்டார் அக்கா! நான்காவது பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார், வகுப்பில் இப்போது அவர்தான் இரண்டாமிடம், முதலிடம் யாரென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வகுப்பின் வேகத்தைச் சொன்னால் நீ மயங்கி விழுவாய், கணித ஆசிரியர் எழுதிக்கொண்டே முன்னால் ஓடுகிறார், ஒருத்தர் அழித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறார், உராய்வில் கரும்பலகை பழுத்துப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், காலையில் மழமழவென்று வந்த ஆசிரியர் சாயங்காலம் நெஞ்சு வரைக்கும் தாடியோடு போனார், பிள்ளைகள் கேள்விக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுவதால் பதிலுக்கு ஏற்ற கேள்வியைத் தேடி அவர் தனியாக வீட்டுப்பாடம் செய்கிறாராம், உன் மகளோ நான் 'சாப்பிட வா' என்பதில் 'சா' சொல்லும்போதே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள்.

இப்போது மார்க்குக்கு வருகிறேன். கொஞ்சம் உட்கார்ந்துகொள். அவள் வாங்கியது நூற்றுக்கு நூறு. ஆனால் மார்க் அச்சடிக்கிற இயந்திரமும் முடுக்கத்தில் ஓடியதா, முன்னால் வந்த ஒன்றும் நடுவில் வந்த பூஜ்யமும் தாளைத் தாண்டி ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டன. கடைசிப் பூஜ்யம் மட்டும் தாளில் ஒட்டிக்கொண்டது. ஆகவே வியாழக்கிழமை உறையைப் பிரித்ததும் ஒரு பூஜ்யத்தைக் கண்டால் பதறாதே. அது மற்றப் பூஜ்யங்களைப் போல இல்லை, நூற்றின் வால்.

அத்தானுக்கு வணக்கம், அவர் முழங்காலுக்குத் தனி வணக்கம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், முடிந்தால் குறைந்த கோபத்தோடும் வாழ்க.

இப்படிக்கு,
நீ திருகித் திருகியே நீண்டுபோன காதுகளையுடைய,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "மாமா, அம்மா இத நம்பவா போறாங்க? உண்மைய நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்கிறாள். சரி. கரும்பலகை பழுக்கவில்லை. ஆசிரியருக்குத் தாடியில்லை. காயில் கட்டுகிறவர் எந்த வகுப்பிலும் சேரவில்லை. பழுதான மோட்டார் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துத்தான் உட்காரச் சொன்னாராம். இயந்திரமும் ஒழுங்காகத்தான் அச்சடித்தது.

மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்ன விஷயம் உண்மை. அந்த முடுக்கு. அதற்குள் இரண்டு முக்காலியில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். "முடுக்கம்னா வேகம் கூடிக்கிட்டே போறது மாமா. நீங்க பண்றது எதிர்முடுக்கம்" என்று மூன்று முறை சொன்னாள். சீட்டு என் பையில் இருந்தது. அங்கே முதல் நாள் முதல் மணியிலேயே பரீட்சையாம்; கட்டடத்துக்கு ஓடிப் போய் அதை நீட்டியபோது முதல் பரீட்சைத் தாளைக் கட்டி முடித்துவிட்டார்கள். வராதவர்களுக்கு என்ன போடுவார்களோ அதைப் போட்டார்கள். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் அக்கா, எனக்குப் பெரிய அதிர்ச்சி.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மார்க் தாளில் இந்த ஒரு திருத்தத்தைச் செய்துகொள். பூஜ்யம் வாங்கியவர், பிழை: உன் மகள். சரி: உன் தம்பி.