காதோரம் ஆட்டினாலே இனம் தெரியும்

பார்த்தாலே சொல்லிவிடுவேன் என்கிற ஆளை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி நாற்று வாங்கக் குனிந்தால், உங்கள் தோளுக்கு மேலே ஒரு தலை நீண்டு, ‘இது அந்த ரகம் இல்ல’ என்னுமே, அந்தத் தலைதான். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. பண்ணைக்காரர் கேட்டாரா? அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் பிரியாணியை ஒரு வாய் போட்டுவிட்டு இது சீரகச் சம்பா இல்லை என்று அறிவித்து, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, மூன்றாம் முறையும் சீரகச் சம்பா இல்லைதான் என்று உறுதி செய்து, கை கழுவப் போகிற வழியில் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, ‘அப்பன் சாடை இல்லையே’ என்று பெற்றவள் காதுபடச் சொல்லிவிட்டு, வெற்றிலையும் எடுத்துக்கொண்டு போவார். சொன்னது தப்பாகிப் போனால்? தப்பா? அவருக்கா?

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் மொக்கைச்சாமி. என் மூத்தார் மகன். எங்கள் ஊர் நாகல் நகரில் முப்பது வருஷம் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். பூட்டைக் காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், உள்ளே எத்தனை லீவர், எந்தப் பட்டறை வேலை என்று சொல்லிவிடுவாராம். அந்தக் காது பூட்டோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. நிற்குமா? முட்டையை ஆட்டினார். இளநீரை ஆட்டினார். பேரன் செல்போன் பழுதானபோது அதையும் ஆட்டினார். கேஸ் சிலிண்டரைத் தூக்க முடியாததால் தட்டிப் பார்த்தார்.

என் பேத்தி புவனேஸ்வரி கல்லூரியில் விலங்குகளைப் பற்றிப் படிக்கிறாள். அவள் வளர்க்க ஆசைப்பட்டது நாயில்லை, பூனையில்லை. டரான்டுலாவாம். உள்ளங்கை அகலத்துக்கு வளருகிற மயிர்ச் சிலந்தி. அதிலும் ஓடுவது உண்டு, மரமேறுவது உண்டு, கடிப்பது உண்டு. இவள் தேடிப் பிடித்தது ஒரு சாது இனம். வளர்ந்தால் முட்டிகளில் சிவப்பு ஏறுமாம். மண்ணில் வளை தோண்டி அதிலேயே குந்தியிருக்குமாம். பெண்ணாக இருந்தால் இருபது வருஷம்கூட உயிரோடிருக்குமாம். இருபது வருஷம் சத்தம் போடாமல் இருந்த இடத்தில் இருப்பது என்றால் சும்மாவா? எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று. நம் வீட்டு ஆம்பிளைகளில் ஒருத்தருக்கு அந்தக் குணம் உண்டா?

அவள் அம்மா தமிழ்மதிக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் கெஞ்சிய பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். “சுவத்துல ஒரு தடவை ஏறுச்சுன்னாலும் அன்னைக்கே கடைக்குப் போயிரணும். அப்புறம் இந்தப் பேச்சே வீட்டுல கூடாது.”

ஆக, இனம் தப்பக் கூடாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபயாஸ் என்கிற பையன் கடை வைத்திருந்தான். புவனாவும் நானும் போனோம். மொக்கைச்சாமியும் வந்தார். அழைக்காமல் வருவது இந்த இனத்தின் முதல் அடையாளம். அங்கே சின்னச் சின்ன டப்பாக்களில் தேங்காய் நார்த்தூள் போட்டு, தூளுக்கு மேல் ஒவ்வொரு குட்டி. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே மயிர்.

“இந்தக் குட்டி வயசுல என் கண்ணுக்கும் எல்லாம் ஒண்ணுதான் பாட்டிமா,” என்றான் ஃபயாஸ். “நாலஞ்சு வாட்டி சட்டை உரிச்சாத்தான் நெறம் தெரியும். தாய் எது, எந்த முட்டைப் பை, எப்பப் பொரிச்சதுன்னு சீட்டு ஒட்டியிருக்கேன். அதைப் பாத்து எடுங்க.” ஓரத்தில் ஒரு டப்பாவில் சீட்டு இல்லை. தண்ணீர் பட்டு விழுந்துவிட்டதாம். அது என்ன இனம் என்று தனக்குத் தெரியாது என்றான்.

தெரியாது என்று ஒரு கடைக்காரன் வாயைத் திறந்து சொன்னால் நமக்கு மரியாதை வரும். மொக்கைச்சாமிக்கு இரக்கம் வந்தது. பாவம், தொழில் தெரியாத பிள்ளை என்று அவனை ஒதுக்கிவிட்டு, டப்பாவை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார்.

“பெரியப்பா, கீழ விழுந்தாலே அதுக்கு வயிறு கிழிஞ்சிரும்,” என்று புவனா கையைப் பிடித்தாள். அவர் கேட்டால்தானே? சீட்டு ஒட்டிய டப்பாக்களில் எல்லாம் உள்ளே ஏதோ உருண்டது. ‘ஆட்டம் இருக்கு’ என்று தள்ளினார். சீட்டு இல்லாத டப்பாவில் சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு ஆட்டு.

“கெட்டியா இருக்கு. இதான் சாது. இதை எடு.”

சீட்டு உள்ளதுதான் வேண்டும் என்றாள் புவனா. அவர் முகம் தொங்கியது. “அப்ப என் பேச்சுக்கு இம்புட்டுத்தான் மரியாதை?”

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து நம் பக்கத்தில் எத்தனை கோணல் வீடு கட்டியிருக்கிறார்கள், எத்தனை தண்ணி வராத போர் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? பேத்தியும் பயந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனம் தப்பினால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று ஃபயாஸ்தான் தயங்கித் தயங்கிக் கொடுத்தான்.

சாது நாலாவது சட்டையை உரித்தது. பழுப்பு போய்ப் பச்சை மினுமினுப்பு வந்தது. ஒருநாள் தண்ணீர் வைக்க மூடியைத் திறந்ததுதான் தாமதம், சுவரில் ஏறி, காலண்டரைத் தாண்டி, தமிழ்மதி சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த அடுப்புக்கு மேலே போய் நின்றது. ஓடியதை யாரும் பார்க்கவில்லை, போய் நின்றதைத்தான் பார்த்தோம். புவனா டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தாள். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

மொக்கைச்சாமி வந்தார், எட்டிப் பார்த்தார். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இது மரமேறின்னு. யாரு கேட்டீக?”

“ஏலே, நீயா சொன்ன?” என்றேன்.

“சொன்னேன் சின்னம்மா. உங்களுக்கு வயசாச்சு, மறந்துருப்பீக.”

அந்த வாய்க்காகத்தான் தமிழ்மதி மனம் மாறினாள் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை, சீட்டுப் பார்த்து, அந்த மனுஷன் இல்லாமல் போய் வாங்கி வா என்றாள். ஃபயாஸ் மரமேறியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சீட்டு உள்ள குட்டியைக் கொடுத்தான். ஏழு மாதமாகிறது. வளையைவிட்டு வெளியே வருவதில்லை. முட்டியில் சிவப்பு இன்னும் ஏறவில்லை. ஏறுகிறவரை நாங்கள் சீட்டைத்தான் நம்புகிறோம்.

கைக்கு எட்டினால் ஆட்டிவிடுவாரே என்று டப்பாவைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள் புவனா. போன வாரம் வந்தவர் நேரே அலமாரிக்குப் போனார். கை பூட்டில் தட்டியது. விடுவாரா? குனிந்து, காதைப் பூட்டோடு ஒட்டி, இரண்டு ஆட்டு ஆட்டினார்.

“இது நம்ம ஊர் வேலையே இல்ல. எவனோ உங்களை ஏமாத்திட்டான்.”

புவனா பூட்டைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அவரே செய்து கொடுத்த பூட்டு. அடியில் அவர் பட்டறை முத்திரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

“முத்திரையும் டூப்ளிகேட்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று. கடையில் சீட்டில்லாத டப்பா சத்தம் போடாதபோதே, குட்டி மூடியைப் பிடித்துத் தொங்குகிறது, அது மரமேறிதான் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இல்லையா? சரி, சரி. எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன். அலமாரிப் பக்கம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.