மணல்மூட்டையார் கட்டிய சத்தம் கசியாத அறை

மணல்மூட்டையார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் அவர் ட்ரம்பெட் ஊதும்போது "போதும், நிறுத்துங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னாலும் பரவாயில்லை, அது அவர் காதில் விழக் கூடாது. அதற்கு ஒரே வழி, வீட்டின் நிலவறையில் சத்தம் கசியாத இசை அறை ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவது.

அவர் லிஃப்ட் ஆய்வாளர். லிஃப்ட் பாரம் தாங்குமா என்று மணல்மூட்டைகளை ஏற்றி இறக்கிப் பார்ப்பது தொழில். அந்தத் தொழில் அவரோடு வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. புதுக் கட்டில் வாங்கியபோது எட்டு மூட்டை மணலை மூன்று நாள் அதில் படுக்க வைத்தார். அந்த மூன்று நாளும் புருஷனும் பெண்டாட்டியும் தரையில் படுத்தார்கள். சோதனை செய்து, படிவம் நிரப்பி, கையெழுத்துப் போடாத எதையும் அவர் பயன்படுத்த மாட்டார். அலுவலகத்தில் தனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பதை அவர் வருத்தத்தோடு மனைவியிடம் சொன்னபோது, "பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவளுக்குத் தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை ஊரார் திட்டுவதையெல்லாம் காதில் வாங்கி, மன்னிப்புக் கேட்டு, களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் இங்கே ட்ரம்பெட். மணல்மூட்டையாருக்கு மொத்தம் ஒன்றரைப் பாட்டுத் தெரியும். அந்த அரைப் பாட்டின் மேல்தான் அவருக்கு உயிர்.

அறை விஷயத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இங்க பாரு, கீழ ஒரு ரூம் கட்டலாம்னு இருக்கேன். நான் ஊதறது வெளிய ஒரு பொட்டு வராது."

"கட்டுங்க."

"உன் பழைய அலமாரிய எடுக்கணும்."

"எடுத்துடலாம்."

"ரெண்டு மாசம் வீடெல்லாம் தூசியா இருக்கும்."

"துடைச்சுக்கலாம்."

சண்டைக்கென்று ஏழு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார் மனிதர். ஒன்றுகூடச் செலவாகவில்லை. அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ சந்தோஷப்பட்டார்.

வேலை தொடங்கியது. அறைக்குள் அறை என்பது ஏற்பாடு. உள்அறையின் சுவர் வெளிச்சுவரை எங்கேயும் தொடக் கூடாது, தொட்டால் அந்த வழியாகச் சத்தம் நழுவிவிடும். தரைக்கு அடியில் ரப்பர் கட்டைகள். சுவருக்குள் பஞ்சுப் பலகை, அதன் மேல் ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, நடுவில் என்றும் காயாத ஒரு பசை. காற்றுக் குழாயை மூன்று இடத்தில் வளைத்து விட்டார். காற்று வளைந்து வளைந்து வந்துவிடும், சத்தம் வழி தெரியாமல் திண்டாடிச் செத்துப்போகும் என்பது அவர் விளக்கம். கதவு மட்டும் ஆள் கனம், நாலு ஓரமும் ரப்பர் பட்டை. அதைச் சாத்தியபோது மழை நின்ற மாதிரி இருந்தது.

உடனே உள்ளே போய் ஊதியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஊதியிருப்பார்கள். மணல்மூட்டையார் படிவத்தை எடுத்தார்.

"நான் உள்ள ஊதறேன். நீ வெளிய நின்னு கேக்குதான்னு சொல்லு."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "வெளிய நின்னா ரோட்டுச் சத்தம், ஃபிரிட்ஜ் சத்தம், எல்லாம் கலந்து வருங்க. எது உங்க சத்தம்னு எப்படிச் சொல்றது? நான் உள்ள உக்காந்துக்கறேன். அங்க வேற ஒண்ணும் கேக்காது. கேட்டா அது நீங்கதான்."

"அட."

"சுவருக்கு உள்பக்கம் என்ன, வெளிப்பக்கம் என்ன? ரெண்டும் ஒரே சுவர்தானே?"

இருபத்தாறு வருஷ ஆய்வாளருக்கே இது தோன்றவில்லை. அவளைப் பெருமையோடு பார்த்தார். அவள் உள்ளே போனாள். இவர் வெளியே கால்மணி நேரம் மூச்சு முட்ட ஊதினார். கதவு திறந்தது.

"எப்படி?"

"பரவால்ல. ஆனா லேசா வருது. அந்த உச்சத்துக்குப் போறீங்களே, அது மட்டும்."

ஒரு பக்கச் சுவரில் இன்னொரு அடுக்கு ஏறியது. மறுநாளும் லேசாக வந்தது. இன்னொரு பக்கம் ஏறியது. நாலாம் நாள் அவள் ஒரு நாற்காலி கேட்டாள், நின்றுகொண்டே கூர்ந்து கேட்க முடியவில்லையாம். ஆறாம் நாள் சோபா இறங்கியது. வெறும் அறையில் எதிரொலி இருக்கும், மெத்தென்று ஏதாவது இருந்தால் அதை உறிஞ்சிவிடும் என்று அவரே ஒருநாள் சொல்லித்தொலைத்திருந்தார். அதே நியாயத்தில் கம்பளம் போயிற்று. தலையணை போயிற்று. போர்வையும் போயிற்று.

"போர்வை எதுக்கு?"

"எதிரொலிக்குத்தாங்க."

பிறகு பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா வந்தாள். இவருடைய ட்ரம்பெட்டை இத்தனை வருஷம் சுவர் வழியாகக் கேட்டே காலம் தள்ளியவள்.

"ரெண்டு காது போதாதுங்க. நாலு காதா இருந்தா நம்பகமா இருக்கும்" என்றாள் மனைவி.

"தம்பி, நான் சும்மா உக்காந்து சட்டைக்குக் காஜா எடுத்துட்டே கேக்கறேன்" என்றாள் அக்கா. இருவரும் உள்ளே போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். அக்கா முகத்தில் அப்படி ஒரு அமைதி. "லேசா வருது தம்பி" என்றாள்.

அத்தோடு நிற்கவில்லை. ட்ரம்பெட் சத்தத்தை மட்டும் சோதித்தால் போதுமா என்று மனைவி கேட்டாள். நாளைக்கு அவர் உள்ளே பாட்டைப் பதிவு செய்யும்போது சமையலறையில் பாத்திரம் உருண்டால்?

நியாயமான கேள்வி. மணல்மூட்டையார் பாத்திரம் கழுவிப் பார்த்தார். சத்தம் கேட்கும்படி எல்லாப் பாத்திரத்தையும் கழுவினார். வாஷிங் மெஷினை ஓட்டினார். துவைத்த துணியை உலர்த்தினார். தூசி உறிஞ்சும் மெஷினை அறை அறையாக இழுத்துக்கொண்டு போனார், நடுநடுவே ட்ரம்பெட்டும் ஊதினார். எல்லாமே லேசாக வந்தது. வீடு கண்ணாடி மாதிரி ஆயிற்று. படிவங்கள் நாற்பதைத் தாண்டின. கட்டிய அறையில் அவர் இன்னும் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை.

சில சமயம் கதவைத் தடவிப் பார்ப்பார். பாவம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சான்றிதழ் இல்லாத அறைக்குள் எப்படிப் போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. சோதனை, சோதனை என்று ஊதியதில் உதடு வீங்கிவிட்டது. மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் ட்ரம்பெட்டை வாயில் வைத்தார், வலித்தது, எடுத்துவிட்டார். படியில் உட்கார்ந்தார். முழுசாக ஒரு மணி நேரம் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

கதவு திறந்தது. மனைவி வந்தாள். கன்னத்தில் தலையணையின் தையல் வரி பதிந்திருந்தது.

"இன்னிக்கும் லேசா வருதுங்க. அந்த உச்சத்துல மட்டும்."

மணல்மூட்டையார் மெதுவாக எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"நான் இன்னிக்கு ஊதவே இல்ல."

"ஊதலையா?"

"ஒரு மணி நேரமா இந்தப் படியிலதான் உக்காந்திருக்கேன். ஊதாதது எப்படிக் கேட்டுச்சு?"

அவள் ஒரு கொட்டாவியை விட்டு முடித்தாள்.

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். ஊதினா கேக்கறது ஒரு குறை. ஊதாமலே கேக்குதுன்னா அது எவ்வளவு பெரிய குறை? ரூம் ரொம்ப மோசமா இருக்குங்க. நல்லவேளை, கையெழுத்துப் போடாம இருந்தீங்க."

மணல்மூட்டையார் மறுபடி படியில் உட்கார்ந்தார். படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இப்படி ஒரு கோளாறுக்கு அதில் கட்டமே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் எந்த லிஃப்டும், ஏறாத ஆளை மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டதில்லை. விஷயம் தீவிரம்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"இன்னும் ஒரு அடுக்கு போட்டா சரியாயிடுமா?"

"ரெண்டாவே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி உள்ளே போய் சோபாவில் சாய்ந்தாள். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."