டீக்கடையில் உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம்

சேசு, மரி, சூசை துணை

இராயபுரம்,
12-9-1968

மகா கனம் பொருந்திய, வருகிற மாதம் எனக்குச் சம்பந்தியாகவிருக்கும் நாகப்பட்டினம் திரு. யேசுதாஸ் அவர்கள் சமூகத்துக்கு, கொருக்குப்பேட்டை தகர டின் கம்பெனியில் இன்றும் (இந்த ‘இன்றும்’ என்பதை இருமுறை வாசிக்கவும்) டைம் கீப்பராக இருக்கும் அருள்பிரகாசம் எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி டோரதி, மகள் பிலோமி மூவரும் தங்கள் கடிதம் நேற்று வந்து சேரும்வரை சுகமாகவே இருந்தோம்.

பெண்ணின் தகப்பனார் வேலை போய் நாள் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்திருப்பதை நம்பகமான ஒருவர் நேரில் கண்டு எழுதினார் என்றும், ஆகையால் வருகிற ஞாயிறு கோயிலில் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிப்பதை நிறுத்திவைக்கும்படியும் கேட்டிருக்கிறீர்கள். அதை வாசித்ததிலிருந்து டோரதி அடுப்பு மூட்டவில்லை. நான் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது உண்மை. நாள் முழுக்க என்பதும் உண்மை. ஆனால் சம்பந்தி, என் வேலையே அதுதான், கம்பெனி அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். வேலைக்கு வருகிறவர்கள் குடியிருப்பதெல்லாம், என் வீடு உட்பட, இந்தப் பக்கம். நடுவில் கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. முன்பெல்லாம் இதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் நம்பர். சங்கு ஊதுவதற்குள் பெட்டியில் போட்டால் வந்தவன், போடாவிட்டால் வராதவன். தாமதமாக வருகிறவன் என் ஜன்னலில் தலையை நீட்டி “கேட்டு சார்” என்பான், நானும் அவன் பெயருக்கு நேரே ‘கே’ என்று எழுதி உள்ளே விடுவேன். பெண்டாட்டியோடு சண்டை போட்டு வந்தவனும் ‘கே’, மூலக்கொத்தளத்தில் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவனும் ‘கே’, அடக்கத்துக்குப் பிறகு எங்கே போனான் என்பது வாடையிலேயே தெரிகிறவனும் ‘கே’. ரயிலே ஓடாத ஸ்டிரைக் நாளில்கூட என் ஜன்னலில் கேட் மூடியிருந்திருக்கிறது.

இந்தச் சொர்க்கத்துக்குள் புது மேனேஜர் வந்தார். வில்லைப் பெட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, சுவரில் ஒரு பஞ்ச் கிளாக்கை மாட்டினார். அட்டையை அதன் வாயில் நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால் ‘டிங்’ என்று மணி அடித்து நேரத்தைக் குத்தித் தரும். நேரத்துக்கு வந்தால் நீல மை, தாமதமானால் சிவப்பு மை. முகம் பார்க்காது, காரணம் கேட்காது, கேட் என்ற சொல்லே அதற்குத் தெரியாது. ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். முதல் நாளே கூட்ஸ் வண்டி வழிமறித்து நின்றது, எல்லோர் அட்டையும் சிவப்பு. நல்ல முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று தனக்கும் ஓர் அட்டை போட்டிருந்த மேனேஜர், காரோடு கேட்டில் மாட்டிக்கொண்டு வந்து, எல்லோரையும்விடச் சிவப்பாகக் குத்திக்கொண்டார்.

யூனியன் ஜெயவேல் அவர் அறைக்குள் நுழைந்து கத்தினான். “சார், இதுல எங்க தப்பு இன்னா கீது? ரயிலுக்கு ஒரு அட்டை போட்டுக் குடு சார், அது லேட்டா வந்தா அதுக்கு செவப்பா குத்து! இல்லாங்காட்டி மணிய தூக்கிக்கினு போயி கேட்டுக்கு அந்தாண்ட மாட்டு!”

அவன் வயிற்றெரிச்சலில் சொன்னதை மேனேஜர் யோசனை என்று எடுத்துக்கொண்டார். படித்தவர் அல்லவா. கேட்டுக்கு இந்தப் பக்கம் மழை படாத சுவர் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது மதார் சாகிப்பின் டீக்கடைச் சுவர். மறுநாளே பன் பாட்டிலுக்கும் காலண்டருக்கும் நடுவில் மாமியார் குடியேறினாள். கம்பெனிச் சொத்தை வெளியில் தனியாக விட முடியுமா? காவலுக்கு என்னையும் ஒரு ஸ்டூலையும் அனுப்பினார்கள். இப்போது எல்லோர் அட்டையும் வானம் போல நீலம். நேரத்துக்கு வந்து குத்துகிறார்கள், கேட் மூடியிருப்பதால் டீ சொல்கிறார்கள், கேட் திறந்தபிறகு டீ இன்னும் சூடாக இருப்பதால் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனியில் ஆள் இல்லை, ஆனால் வருகைப் பதிவைப் பார்த்து மேனேஜர் பூரித்துப்போயிருக்கிறார்.

எனக்குத்தான் பேஜார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் மாமியாரிடம் மணி கேட்கிறார்கள். மீன் விற்கும் சிலுவையம்மாள் ஒருநாள் ரேஷன் கார்டை நுழைத்து அழுத்திவிட்டு என் சட்டையைப் பிடித்தாள். “யோவ், மணி கேட்டா செவப்பா குத்துது! ரேஷன் கடைக்காரன் இது செல்லாதுன்றான். இந்த வாரம் அரிசிய உன் வூட்லருந்தா அள்ளிக்கினு போவணும்?” அள்ளித்தான் கொடுத்தோம், டோரதி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். என் சாப்பாடாவது நேரத்துக்கு வருகிறதா? பாவம் பிலோமி, கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து வந்தால் தினமும் கேட்டில் மாட்டிக்கொள்கிறாள். குழம்பு ஆறிப்போகிறது. “கேட்டு, நைனா” என்கிறாள், நானும் சரி என்று சாப்பிடுகிறேன்.

இவ்வளவுதான் விஷயம். இதைத் திரித்து எழுதிய அந்த நம்பகமான ஆசாமி யாராக இருந்தாலும் அவன் ஒரு வேலைவெட்டி இல்லாத பொறம்போக்கு. பட்டப்பகலில் டீக்கடையை வேவு பார்க்கிறவன் எந்த ஆபீசில் உருப்படுவான்? அவனைப் பெற்றவர்கள் அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவன் பேச்சைக் கேட்டு என் ஒரே பெண்ணின் ஓலையை நிறுத்திவிடாதீர்கள். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நிறுத்தினால் எந்த முகத்தோடு நான் கோயில் படி ஏறுவேன் என்று தெரியவில்லை, சம்பந்தி.

தங்கள் துணைவியாருக்கும் மாப்பிள்ளை ஜேக்கப்புக்கும் எங்கள் அன்பு. தேவமாதா தங்கள் வீட்டையும் நம் இருவர் எண்ணத்தையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இன்றும் டைம் கீப்பரான,
அருள்பிரகாசம்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டக் கொடுத்த இடத்தில் பிலோமி இதை வாசித்துவிட்டாள். “பொறம்போக்குன்னு எழுதிகிறியே நைனா, அது யாருன்னு தெரியுமா? உன் மாப்பிள்ளதான். மாமா டீக்கடைல ஜம்முனு குந்திகினு கீறாருன்னு சந்தோசமாத்தான் வூட்டுக்கு எழுதினாரு, அவங்கதான் வேல போச்சுன்னு நெனச்சிக்கினாங்க” என்றாள். இங்கே துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் கம்பெனி குமாஸ்தாவாக இருக்கிறவருக்கு நடுப்பகலில் கொருக்குப்பேட்டையில் என்ன வேலை என்று கேட்டேன். “அவரு ஆபீஸ்ல மணி கிணி ஒண்ணும் இல்ல. காத்தால ஒரு கையெழுத்து, அப்பால நாற்காலில குடைய மாட்டிட்டு வந்துடுவாரு” என்றாள். குடை அங்கே உத்தியோகம் பார்க்கிறது, மாப்பிள்ளை இங்கே என் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் சம்பந்தி, எனக்கு உறைத்தது. என் வீடும் இந்தப் பக்கம், டீக்கடையும் இந்தப் பக்கம், நடுவில் கேட்டே கிடையாது.

மேலே உள்ள வசவுகளை வாசிக்காமல் தாண்டிவிடுங்கள், திரும்ப எழுத நேரமில்லை, தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார். ஓலையை நீங்கள் நிறுத்தினாலும் இவர்கள் இருவரும் நிற்கப்போவதில்லை. மாப்பிள்ளைக்கும் ஒரு ‘கே’ போட்டுவிட்டேன். ஞாயிறு பூசைக்கு நீங்களும் வந்துவிடுங்கள். தாமதமானால் பரவாயில்லை, கேட் என்று சொல்லுங்கள், நான் இருக்கிறேன்.