கடலுக்கு சைனே டை

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு லத்தீன் தெரியாது. எடுத்துவிட மட்டும் தெரியும். கட்டிலுக்கடியில் கிடக்கும் உடைந்த மின்விசிறியைத் தூக்கிப் போடச் சொன்னால் "ஸ்டேட்டஸ் கோ" என்பார். இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். ஆபீசில் வாயே திறக்காத மனுஷன் வீட்டில் இப்படித்தான் ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவரோடு ஒரு தடவை கடலைப் பார்க்கணும். பதினோரு வருஷமாகக் கேட்டாள்.

"சைனே டை," என்பார்.

"அப்படின்னா?"

"கூடிய சீக்கிரம்னு அர்த்தம்."

பாவம், நம்பினாள். மாடிக்குக் குடிவந்த ரிட்டயர்டு ஜட்ஜம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது, தேதியே குறிக்காமல் தள்ளிப்போடுவதாம். அவள் சண்டை போடவில்லை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காந்து கடல் விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம்."

குமாஸ்தா ஐந்தரைக்கே முடி வெட்டக் கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு பல்வலி என்று போர்த்திப் படுத்தார்.

"இந்த வாரம் மூணாவது வாய்தா," என்றாள்.

அந்த ஞாயிறு காலை அவள் தலை வாரும்போது காதோரம் நாலு நரை தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ரயில் நிலையம் போய், மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்று இரண்டு டிக்கெட் வாங்கினார்.

திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. ஜட்ஜம்மா சாவியையும் ஒரு சீட்டையும் நீட்டினார்: "எதிர்த்தரப்பு மூன்று வாய்தாவுக்கும் வராததால் எக்ஸ் பார்ட்டே தீர்ப்பு. அக்காவோடு கடலுக்குப் போகிறேன்."

"ஒருத்தர் வரலேன்னா, வந்தவங்க பேச்சை வச்சே தீர்ப்பு. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் ஜட்ஜம்மா.

தெரியும். எத்தனை கேஸ் கட்டுகளில் அவரே அதை எழுதியிருக்கிறார். பதினோரு வருஷத்தில் ஒரு ரெண்டு நாள் ஒதுக்கியிருந்தால் போதுமே என்று வெறும் வீட்டில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் போன் போட்டார். அவள் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தம்.

"தப்பு என்மேலதாம்மா. வர்ற வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்."

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

"நல்லதாப் போச்சுங்க. என்னை விட்டுட்டு அக்கா ரெண்டு பேரும் போயிட்டீங்களேன்னு ஊர்ல தங்கச்சி ஒரே அழுகை. அந்த ரெண்டு டிக்கெட்டுல வெள்ளிக்கிழமை அவளைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்."