வீடாகிப் போன கார்

ஒரு காட்டில், ஆலமர நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில், மரகதம் என்றொரு புனுகுப்பூனை குடியிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிக் குட்டிகள் தாமாகவே பிறந்து கண்ணையும் திறந்திருக்கும். கூப்பிட்ட நேரத்துக்குப் போக முடியவில்லையே என்று மனசு கேட்காமல் மரகதம் ஒரு மின்சாரக் கார் வாங்கினாள்.

வாங்கிய பிறகுதான் தன் வீடு மூன்றாவது கிளையில் இருப்பது அவளுக்கு உறைத்தது.

மரத்தடியில் இருந்த ஒரே பார்க்கிங்கில், குடியிருப்போர் சங்கத் தலைவர் கரடி பொன்னம்பலத்தின் பெட்ரோல் கார் ஏழு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. உள்ளே கறையான் புற்று வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னம்பலம் கதவைத் திறந்து கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுவார். மரகதம் தன் காரைத் தெரு ஓரத்தில் நிறுத்தி, மூன்றாவது கிளையிலிருந்து ஒயர் இறக்கிச் சார்ஜ் போட்டாள். மறுநாளே ஒரு எருமை அந்த ஒயரில் கால் தடுக்கி விழுந்தது. சங்கம் ஒயரைச் சுருட்டி மேலே அனுப்பிவிட்டது.

முறைப்படியே போகலாம் என்று மரகதம் மின்சார அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சபாபதி என்ற உடும்பு கிளார்க்காக இருந்தார்.

"தெருவிலேயே சார்ஜர் வைக்க ஒரு இணைப்பு வேணும் சார்."

"பார்க்கிங் உங்க பேர்ல இருக்கா?"

"இல்லை சார்."

"சங்கத்துல சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

பொன்னம்பலம் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஓடுற வண்டிக்கு எப்படிம்மா நிரந்தர இடம் தர்றது? அதுதான் ஓடிடுமே. ஓடாத வண்டிக்குத்தான் சான்றிதழ். விதி அப்படி இருக்கு."

"விதியை யார் சார் எழுதினது?"

"நான்தான். அந்த வருஷம் என் வண்டி ரிப்பேர்."

மரகதம் அலைந்துகொண்டிருந்த நாட்களில் காரில் இருந்த மிச்சச் சார்ஜும் தீர்ந்து, அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பொன்னம்பலம் வந்து பார்த்தார். கையால் தள்ளியும் பார்த்தார். திருப்தியாகி, அந்த இடத்தையே அவள் பேருக்கு எழுதி, அன்றே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சபாபதி அதை இரண்டு முறை படித்தார்.

"ஓடாத வண்டின்னு போட்டிருக்கே மேடம். ஓடாத வண்டிக்குச் சார்ஜர் எதுக்கு?"

மரகதம் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அதன்பிறகு அவளுக்கு மூன்று கிளை ஏறவும் மனசில்லை. டூட்டி முடிந்து வந்தால் காரிலேயே சாய்ந்து கிடப்பாள், அங்கேயே சாப்பிடுவாள், யூனிஃபார்மைத் துவைத்துக் கண்ணாடியில் காயப்போடுவாள்.

ஒரு மத்தியானம், மீட்டர் பார்க்க அந்தத் தெருவுக்கு வந்த சபாபதி காருக்குள் எட்டிப் பார்த்தார். மரகதம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கயேவா குடியிருக்கீங்க?"

"வேற எங்க சார் போறது?"

சபாபதியின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? கூரை இருக்கு, நாலு கதவு இருக்கு. இது வீடு மேடம். வீட்டு இணைப்புன்னா மூணே நாள்."

மூன்றாம் நாள் கம்பமும் மீட்டரும் வந்தன. சாயங்காலத்துக்குள் கார் நூறு சதவீதம் சார்ஜ் ஏறிவிட்டது. மரகதம் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் சபாபதி. "வீடு நகரக் கூடாது. நகர்ந்தா இணைப்பைத் துண்டிச்சிடுவோம். அந்த இடத்துக்குப் பதினோரு பேர் தார்ப்பாயோட காத்திருக்காங்க."

மரகதம் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வழக்கம்போல இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். லீவு நாட்களில் ஏ.சி. போட்டுக்கொண்டு முன் சீட்டில் பாட்டுக் கேட்டாள். அதுவும் பழகிப்போயிற்று.

அப்படி ஒரு லீவு நாளில், எதிர்வீட்டுப் புள்ளிமான் வெண்ணிலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"அக்கா, வலி எடுத்துடுச்சு. ஆட்டோ ஒண்ணும் வர மாட்டேங்குது. கொஞ்சம் ஆஸ்பத்திரியில விட்டுடுறீங்களா?"

மரகதத்தின் கை தானாகவே ஸ்டியரிங்குக்குப் போனது. நூறு சதவீதம் என்று பச்சையாக எரிந்தது. தெருமுனையில் ஒரு காட்டுப்பன்றி, தார்ப்பாயை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தது.

மரகதம் கீழே இறங்கிக் கதவைப் பூட்டினாள்.

"நடந்தா நல்லதும்மா," என்றாள். "பிரசவம் சுலபமா ஆகும். நான் கூடவே வர்றேன்."

அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. வெண்ணிலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கிருந்த புங்கமரத்தடியில் படுக்கவைத்து மரகதமே பிரசவம் பார்த்தாள். கைராசிக்காரி. தாயும் குட்டியும் நலம். ஆனால் ஒரு வாரம் அவள் எதிர்வீட்டுப் பக்கம் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் வெண்ணிலாவே குட்டியுடன் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று மரகதம் நினைத்தாள்.

"அக்கா, நாங்களும் ஒரு கார் புக் பண்ணியிருக்கோம்," என்றாள் வெண்ணிலா. "குழந்தைக்கு அவசரம்னா வேணுமில்ல? அந்த வீட்டு இணைப்பு விண்ணப்பத்தை எப்படி எழுதணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன்."

மரகதம் பேனாவை எடுத்து, "முதல்ல சார்ஜைத் தீர்த்துடணும்," என்று ஆரம்பித்தாள்.

நீதி: அடுத்தவர் ஆபத்துக்கு உதவ ஆளுக்கொரு வண்டி கட்டாயம் வேண்டும், அதை நிறுத்த நல்ல இடம் கிடைத்துவிட்டால், ஆபத்தில் இருப்பவர்கள் நடந்து போய்க்கொள்வது எல்லோருக்கும் நல்லது.