பிக்கப் அண்ணனின் சிவப்புக் கார்

கள்ளக்குறிச்சியில் ஓடிய கார்களிலேயே அதிவேகமான கார் பிக்கப் அண்ணனுடையதுதான். மிக மெதுவாக ஓடியதும் அதேதான். மிகைப்படுத்துகிறேனோ என்று இரண்டு முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

அண்ணன் எங்கள் எதிர்வீடு. தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. வண்டி சட்டென்று வேகமெடுப்பதைப் பிக்கப் என்பார்களே, அதைப் பற்றியே ஓயாமல் பேசியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பழைய காராக வாங்கிய குட்டிச் சிவப்பு வண்டி அது. பின்கதவுக்கு மேல் சின்னதாக ஓர் இறக்கை. கடைச் சுவரில், சாமி படங்களுக்கு நடுவே, அந்தக் காரின் வரலாறு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சாதிச் சான்றிதழ் நகலெடுக்க வருபவர்கள் அதைக் கேட்காமல் போக முடியாது. இதன் தாத்தா வண்டி சீமையில் பனிமலைப் பந்தயங்களில் பெரிய பெரிய கார்களை ஓரங்கட்டியது, அப்பா வண்டிக்கு எஞ்சினைப் பெரிதாக்கினார்கள் என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் குலப்பெருமை சொல்வதுபோல் சொல்வார்.

இறக்கை எதற்கு என்றால், காற்றை அழுத்துவதற்காம். இல்லாவிட்டால் வண்டி மேலே கிளம்பிவிடுமாம். அவர் மனைவி அதில் துண்டு காயப்போடுவார்.

"முப்பதுல போற வண்டி எங்க பறக்கப் போவுது? காருக்குக் குதிரை சக்தி. ஓட்டறவருக்குக் கோழி சக்தி" என்பார் அந்த அக்கா.

உண்மைதான். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அவரை முந்திப் போகும். அண்ணன் அசரமாட்டார். "வுட்டா பறக்கும். நாந்தான் புடிச்சி வெச்சிக்கினு இருக்கேன்" என்பார்.

எனக்கு வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியை வேலை வந்தது. கடைசி நாள் பகல் பன்னிரண்டுக்குள் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். ஆறு மாதக் கைக்குழந்தை. கணவருக்குச் சேலத்தில் வேலை. அன்று காலை பஸ் ஸ்டாண்டில் மகள் என் புடவை முழுக்க வாந்தியெடுத்தாள். மாற்ற வீட்டுக்கு வந்தேன். கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்த்தேன். பஸ் போய்விட்டது.

வாடகைக் கார்க்காரர்கள் மலையில் ஓட்டும் வேகம் எனக்குத் தெரியும். குழந்தையோடு போக பிக்கப் அண்ணனைவிடப் பத்திரமான ஆள் கிடையாது என்று முடிவு செய்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் என் நகங்கள் தீர்ந்துவிட்டன. மலை ஏறியதும்தான் அவருடைய வழக்கம் தெரிந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை ஓரங்கட்டி இறங்குவார். வளைவு வரை நடந்துபோய் எட்டிப் பார்ப்பார். பஸ் வரவில்லை என்று உறுதியானதும் திரும்பி நடந்துவந்து, ஏறி, ஹாரன் அடித்துவிட்டு எடுப்பார். அதற்குள் பஸ் வந்துவிடும்.

மூன்றாவது வளைவில் மணி பதினொன்றரை. வேகமாகப் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, மடியில் குழந்தை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, பையில் வேலை உத்தரவு. இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, அழுவுறியா?"

"பன்னண்டு ஆயிட்டா வேலை போயிடும்ண்ணா."

அண்ணன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். "பாப்பாவ கெட்டியா புடிச்சிக்கோ. பயமா இருந்தா சொல்லு, நிறுத்திடறேன்."

கியரைக் குறைத்து மிதித்தார். அந்தக் குட்டிக் கார் உறுமிய உறுமலில் என் முதுகு சீட்டோடு ஒட்டியது. வளைவுக்கு வளைவு ஹாரன். தன் பக்கத்தை விட்டு ஓர் அடி விலகவில்லை. சாயவில்லை, வழுக்கவில்லை, ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் தீர்ந்து, தெரியாத சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்தேன். மகள் ஒவ்வொரு வளைவுக்கும் சிரித்தாள். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இதை மாமியாரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே வந்தால், அண்ணன் முன்சக்கரத்தின் பக்கத்தில் வெறுங்காலோடு குந்தியிருந்தார். ஒரு கை பானெட்டின் மேல் இருந்தது.

"வண்டிக்கு எல்லாம் தெரிஞ்சிதான் இருந்திருக்கு தங்கச்சி. எனக்குத்தான் தெரியல."

நானும் மகளும் மலையிலேயே தங்கிவிட்டோம். அண்ணன் தனியாகத் திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்த்தபடியே போனதாக மறுநாள் ஒரு ஜீப் டிரைவர் சொன்னார். பொழுது சாயும்போதுதான் வீடு சேர்ந்தாராம்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. நானே ஒரு சின்னக் கார் ஓட்டுகிறேன். அண்ணன் சின்னசேலத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கே போய்விட்டார். சிவப்புக் காரும் கூடவே போனது. போகும்போது, "பாப்பாவ பாக்க வெள்ளிமலைக்கு ஒரு நாள் வரேன். கெளம்பிட்டேன்னே வெச்சிக்கோ" என்றார்.

மூன்று வருடம் ஆகிறது. வாரக் கடைசியில் பள்ளி விட்டு மலை இறங்கும்போது அந்த மூன்றாவது வளைவில் நான் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி எட்டிப் பார்க்கிறேன். பின்னால் பஸ்காரர் திட்டுகிறார். திட்டட்டும். அண்ணன் வேகத்துக்கு, இன்னும் வந்துகொண்டுதான் இருப்பார்.